சம்பளத் துண்டிலிருந்து தொடங்குவோம்

(தோட்டக் குடும்பங்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்புகள் பற்றி, சிலாபம் – புத்தளம் கரையோரப் பகுதி அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கத்தின் மாலை வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று இந்தக் கூட்டத்தில் விளக்கும்படி எங்களைக் கேட்டிருந்தார்கள். ‘இங்கிலீஷ் கிளாஸ்’ என்று சொன்னதும் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. தேங்காய் உரிக்கிறவனுக்கு இங்கிலீஷ் எதற்கு, துரையோடு கதைக்கவா என்று கேட்கிறார்கள். துரை எழுதிக் கொடுப்பதை வாசிக்கத்தான் என்று நாங்கள் பதில் சொல்கிறோம்.

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவனுடைய கடன் இவ்வளவு, இந்தத் தொகையைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுத்தான் அது. மனிதனுடைய விலை அந்தச் சீட்டில் இருந்தது. அவனுக்கோ அதை வாசிக்கத் தெரியாது. 1921 இல் சட்டம் கொண்டுவந்து அந்த முறையை ஒழித்தார்கள். முறை போய்விட்டது, சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. இன்றைக்கும் சம்பளத் துண்டு என்கிறோம், மருந்துத் துண்டு என்கிறோம், வங்கித் துண்டு என்கிறோம். அந்தத் துண்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்?

தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசிகள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மத்திய கிழக்குக்குப் போய்வந்த அக்காவின் கடவுச்சீட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். பத்திரமாகப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறோம். மழை நனைக்காமல் காப்பாற்றத் தெரிந்த நமக்கு, அவற்றை வாசிக்க மட்டும் இன்னொருவர் வேண்டியிருக்கிறது. அந்த இன்னொருவர் நல்லவராக இருந்தால் நல்லது. அவர் கணக்கப்பிள்ளையாகவோ ஏஜென்டாகவோ இருந்தால்?

மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு லயத்தில் நின்று கூப்பிட்டால் நூறு பேர் தமிழில் பதில் சொல்வார்கள். நமது நிலைமை வேறு. தென்னை முக்கோணம் என்று சொல்லப்படும் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் நாம் இங்கே பத்துக் குடும்பம், அங்கே இருபது குடும்பம் என்று சிதறிக் கிடக்கிறோம். நமது பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், கடையில் சிங்களம் பேசுகிறார்கள், தொலைபேசியில் இங்கிலீஷ் சொற்களை அழுத்துகிறார்கள். மூன்று மொழி காதில் விழுகிறது. வாசிக்க வருவது ஒன்று, சில வீடுகளில் அதுவும் அரைகுறை.

இந்த இடத்தில் ஒரு தோழர் போன கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். ‘நாம் இங்கிலீஷ் படித்தால், தமிழில் எழுதித் தர வேண்டிய கடமையிலிருந்து அவர்களை நாமே விடுவிப்பதாக ஆகாதா?’ என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1987 இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று சொல்கிறது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. அரசாங்க அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்பது நமது உரிமை. கிடைக்காவிட்டால் முறைப்பாடு செய்ய 1991 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. அந்தப் போராட்டத்தை ஒரு நாளும் விடமாட்டோம். ஆனால் முறைப்பாட்டுக்குப் பதில் வரும்வரை சம்பளத் துண்டு காத்திருக்காது. மாத்திரையும் காத்திருக்காது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். இந்தக் கரையோரத்தில், நீர்கொழும்பிலிருந்து சிலாபத்துக்கு இப்பால் வரை, வீட்டில் தமிழ் பேசிய எத்தனையோ குடும்பங்களில் இன்று பாட்டிக்குத் தமிழ் தெரியும், பேரனுக்குத் தெரியாது. பள்ளிக்கூட மொழி மாறிய இரண்டு தலைமுறைக்குள் அது நடந்தது. ஒரு மொழி எவ்வளவு சத்தமில்லாமல் வீட்டை விட்டுப் போகும் என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. ஆகையால் எங்கள் வகுப்பில் விளக்கம் முழுவதும் தமிழில்தான். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிறகுதான் கொப்பியில் எழுதுகிறோம்.

பாடசாலையில் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆங்கிலப் பாடப் புத்தகம் இருக்கிறது. அதை நாங்கள் குறை சொல்ல வரவில்லை, பகலில் அதைத்தான் படிப்பிக்கிறோம். ஆனால் பதினோராம் ஆண்டு வரை அதைப் படித்த பிள்ளை, அம்மாவின் சம்பளத் துண்டைக் கையில் கொடுத்தால் விழிக்கிறது. கதை வாசிக்கும் ஆங்கிலம் வேறு, கடதாசி வாசிக்கும் ஆங்கிலம் வேறு. கடதாசியில் முழு வசனமே இருக்காது. பெட்டி பெட்டியாகக் கோடு, பாதிச் சொல், எண், கையெழுத்து. அதை வாசிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். மாலை வகுப்பு அந்தப் பழக்கத்துக்காக.

முதல் பாடம் ஏ, பி, சி, டி கிடையாது. சொந்தப் பெயர்.

ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து இரண்டு மூன்று கடதாசிகளின் பிரதியைக் கொண்டுவருகிறார்கள். கோடு போட்ட தாளில் சின்னச் சின்னப் பெட்டி வரைந்து, ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்தாக, வங்கிப் புத்தகத்தில் இருக்கும் தன் பெயரைப் பார்த்து எழுத வேண்டும். அதற்குக் கீழே சேமலாப நிதிக் கடதாசியில் உள்ள பெயர். அதற்குக் கீழே கிளினிக் கொப்பியில் உள்ள பெயர். எழுதி முடிந்ததும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். அப்போதுதான் வகுப்பில் சத்தம் எழும்பும். ‘சேர், இதில் எனக்கு ஓர் எழுத்துக் கூட இருக்கிறது!’ ‘எனக்கு அப்பாவின் பெயர் பின்னால் போயிருக்கிறது!’ தமிழில் ‘முத்து’ என்பது ஒரே முத்துத்தான். ஆங்கிலத்தில் ஒரு கிளாக்கர் ‘எம், யூ, டி, டி, யூ’ என்று எழுதுவார், இன்னொருவர் நடுவில் ‘எச்’ போடுவார். லட்சுமி ஓரிடத்தில் ‘எல், ஏ’ என்று தொடங்குவார், இன்னோரிடத்தில் ‘எல், ஈ’ என்று தொடங்குவார். பேசும்போது எல்லாம் ஒரே ஆள். கணக்கில் இரண்டு ஆள்.

இது விளையாட்டுக் காரியமில்லை. முப்பது வருடம் உழைத்துவிட்டு, பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போது, கடதாசிக்குக் கடதாசி பெயர் மாறியிருந்தால் அலைச்சல் தொடங்குகிறது. கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, மீண்டும் அலுவலகம், மீண்டும் பஸ் காசு. ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம் போகிறது. பெயர் வித்தியாசத்தை 30 வயதில் கண்டுபிடித்தால் ஒரு பகல் வேலை. 55 இல் கண்டுபிடித்தால் அது ஒரு வழக்கு.

அதனால் பெயர்ப் பாடத்தை நாங்கள் அவசரப்பட்டு முடிப்பதில்லை. எந்த எழுத்துக்கோவையை வைத்துக்கொள்வது என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்து, அதை வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்கிறோம். இனி யார் கேட்டாலும் வாயால் சொல்லாதே, எழுதிக் காட்டு. பெயரை ஒருமுறை கிளாக்கர் காதால் கேட்டு எழுதியதில்தான் இவ்வளவு தொல்லையும் வந்தது.

பெயருக்கு அடுத்தது அடையாள அட்டை இலக்கம். இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம், ஏனென்றால் துப்பறிகிற வேலை. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தோம் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 85 என்று தொடங்கி அடுத்து 532 வந்தால், அது 1985 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண். ஜனவரிக்கு 31 நாள், அடுத்த நாள் 32, அதோடு 500. அம்மா பிறந்த நாளைப் பிள்ளை கண்டுபிடிக்கிறது. சில அம்மாமார் தங்கள் பிறந்த நாளையே அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்துகொண்டார்கள். 2016 இலிருந்து கொடுக்கப்படும் புது இலக்கம் பன்னிரண்டு எண், ஆண்டு முழுதாக வரும், எழுத்துக் கிடையாது.

அந்தப் பழைய எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வி’ என்று இருந்தால் வாக்குரிமை உள்ளவர். ‘எக்ஸ்’ என்று இருந்தால் இல்லாதவர். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளுக்கிடையே பங்கு போடப்பட்டு, கடைசியாக 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்த சனங்கள் நாம். ஓர் எழுத்தை வாசிப்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், அந்த ‘எக்ஸ்’ எழுத்தைக் காட்டுங்கள்.

இப்போது சம்பளத் துண்டுக்கு வருவோம். கலண்டரின் பின்பக்கத்தில் பெரிய துண்டு ஒன்று வரைந்து சுவரில் தொங்கவிடுகிறோம். அதில் வரும் சொற்கள் மொத்தம் பதினைந்தைத் தாண்டாது. ‘டேஸ் வேர்க்ட்’ என்றால் வேலை செய்த நாள். ‘ரேட்’ என்றால் நாளொன்றுக்கோ ஆயிரம் காய்க்கோ எவ்வளவு என்பது. ‘பெர்’ என்ற சின்னச் சொல் வந்தால் ‘ஒவ்வொன்றுக்கும்’ என்று அர்த்தம், அதைத் தவறவிட்டால் கணக்கே பிழைத்துவிடும். ‘கிராஸ் பே’ என்பது கழிவுகளுக்கு முன் உள்ள மொத்தம். ‘டிடக்‌ஷன்ஸ்’ கழிவுகள். ‘அட்வான்ஸ்’ எல்லோருக்கும் தெரியும், அதை மட்டும் யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ‘நோ பே’ என்றால் சம்பளமில்லாத நாள். ‘நெட் பே’ கையில் கிடைப்பது.

பிறகு விளையாட்டு. 25 நாள், நாளொன்றுக்கு 1,200 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்கிறோம். (எல்லோருக்கும் அவ்வளவு கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. உங்கள் சிரிப்பு விளங்குகிறது.) மொத்தம் 30,000. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், 2,400 ரூபா. அட்வான்ஸ் 5,000. கையில் வர வேண்டியது 22,600. இதுதான் சரியான துண்டு. இதே மாதிரி இன்னும் நான்கு துண்டுகளை நாங்கள் எழுதிக் கொண்டுபோகிறோம், ஒவ்வொன்றிலும் ஒரு பிழையை ஒளித்து வைக்கிறோம். ஒன்றில் இரண்டு நாள் குறைந்திருக்கும். ஒன்றில் அட்வான்ஸ் இரண்டு முறை கழிந்திருக்கும். ஒன்றில் சேமலாப நிதி என்று 6,000 கழித்திருக்கும்.

அந்தக் கடைசித் துண்டில்தான் எப்போதும் வாக்குவாதம் வரும். சிலர் சரி என்பார்கள், ஏனென்றால் நிதிக்கு மொத்தம் 6,000 போக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதில் 12 வீதம், அதாவது 3,600, தோட்ட நிர்வாகம் தன் கையிலிருந்து கட்ட வேண்டியது. 1958 ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அந்தப் பங்கை நமது சம்பளத்தில் கழிக்க முடியாது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் அப்படித்தான். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது முழுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு, துண்டில் கழிவாக வரவே கூடாது. ஒரு பிள்ளை அலவாங்கில் காய் குத்துவது போல விரலால் அந்த 6,000 ஐக் குத்திக் காட்டி, ‘இதில் எங்கள் அப்பாவின் 3,600 இருக்கிறது’ என்று சொன்னது. ஆங்கிலமும் கணக்கும் தொழிற்சங்கமும் ஒரே நிமிடத்தில் படிப்பித்து முடிந்தது.

வகுப்புக்கு வரும் ஓர் அக்கா, துண்டுகளை எறியாமல் வருடக்கணக்காக மாவு டின்னில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு துண்டிலும் 8 வீதம் கழிந்திருக்கிறது. அவருடைய நிதிக் கணக்குக் கூற்றை எடுத்து, வகுப்பில் படித்தபடி மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பார்த்தார். கூற்றில் சில மாதங்கள் வெறுமையாக இருந்தன. சம்பளத்தில் கழிந்த காசு நிதிக்குப் போகவில்லை. அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. அந்த மாவு டின்தான் இப்போது நமது சாட்சி.

எழுதுவதைப் பற்றி. நீண்ட கடிதம் எழுத நாங்கள் பழக்குவதில்லை. முதலில் நாளேடு. நான்கு நிரல் போட்ட கொப்பி: ‘டேட், வேர்க், நட்ஸ், ருபீஸ்’. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ஒரு வரி. ஒரு நிமிடம் போகாது. இந்த மாதம் எத்தனை காய் உரித்தாய் என்று யாராவது கேட்டால் ஞாபகத்திலிருந்து சண்டை பிடிக்கத் தேவையில்லை, கொப்பியைத் திறந்தால் போதும். அதற்குப் பிறகு ஐந்து வரிக் கடிதம். நான் யார், என் இலக்கம் என்ன, எந்த மாதம், என்ன கிடைக்கவில்லை, எப்போது பதில் வேண்டும். கோபத்தை வெளியே வைத்துவிட்டு எழுதப் பழக வேண்டும். அது ஆங்கிலத்தைவிடக் கஷ்டமான பாடம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கடிதத்தைக் கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் திகதி போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். ‘ரிசீவ்ட்’ என்ற சொல்லை அதற்காகவே படிப்பிக்கிறோம். அது இல்லாத கடிதம் காற்றில் போன கடிதம்.

படிவம் நிரப்புவதில் ‘பிளாக் கெப்பிட்டல்ஸ்’ என்று இருந்தால் பெரிய எழுத்தில் தனித்தனியாக எழுது என்று அர்த்தம். ‘சிக்னேச்சர்’ என்றால் கையெழுத்து. வெறுந்தாளில் அந்தச் சொல்லுக்கு மேல் கையெழுத்து வைக்காதே, பெருவிரலும் வைக்காதே. இதை நாங்கள் வகுப்பில் நடித்தே காட்டுகிறோம். ஒருவர் கணக்கப்பிள்ளை, ஒருவர் தொழிலாளி. ‘நேரமில்லை, சைன் பண்ணு, நான் பிறகு நிரப்புகிறேன்’ என்று கணக்கப்பிள்ளை அவசரப்படுத்த வேண்டும். தொழிலாளி மரியாதையாக மறுக்க வேண்டும். தாய்மார் இதில் பிள்ளைகளைவிட நன்றாக நடிக்கிறார்கள், நிறையப் பார்த்திருக்கிறார்கள் போல.

மருந்துத் துண்டு. ‘பி.டி.’ என்று எழுதியிருந்தால் நாளுக்கு இரண்டு வேளை. ‘டி.டி.எஸ்.’ மூன்று வேளை. ‘மேனே’ காலை, ‘நொக்டே’ இரவு. இவை ஆங்கிலமே இல்லை, லத்தீன். ஆகையால் ஆங்கிலம் தெரிந்தவருக்கும் தெரியாமலிருக்கலாம், நமக்கு வெட்கம் தேவையில்லை. ‘எக்ஸ்பயரி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள மாதமும் ஆண்டும் கடந்துவிட்டால் குடிக்கக் கூடாது. ‘எக்ஸ்டேர்னல் யூஸ்’ என்றால் பூசுவது, விழுங்குவது இல்லை. வெறும் மாத்திரை அட்டைகளையும் பெட்டிகளையும் சேர்த்து வைத்துப் பழகுகிறோம். சந்தேகம் இருந்தால் மருந்து கொடுப்பவரிடமே திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். வகுப்பில் படித்தோம் என்பதற்காக நாமே வைத்தியராகிவிடக் கூடாது.

பசளை மூட்டையில் ‘யூரியா 46’ என்று இருந்தால் நூறு கிலோவில் 46 கிலோ நைதரசன். ‘வை.பி.எம்.’ இளந்தென்னைக்கான கலவை, ‘ஏ.பி.எம்.’ காய்க்கும் மரத்துக்கான கலவை. 1929 இலிருந்து லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சி செய்கிறார்கள், நமது மாவட்டத்திலேயே. அங்கிருந்து வரும் சொற்களை நாம் வாசிக்காவிட்டால் யார் வாசிப்பது? நாசினிப் போத்தல்களில் அடியில் நிறப் பட்டை இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றாலும் தண்ணீர் அல்ல. இந்தப் பாடத்துக்கு மட்டும் உண்மையான போத்தல் கொண்டுவரக் கூடாது, வெறும் போத்தலும் கூடாது. லேபிளைத் தாளில் வரைந்துதான் படிப்பிக்கிறோம்.

சின்னப் பிள்ளைகளோடு பஸ் போர்ட் விளையாட்டு. நாலாம் இலக்கக் கொழும்பு – புத்தளம் பாதையில் உள்ள ஊர்ப்பெயர்களை மூன்று மொழியிலும் அட்டையில் எழுதிக் கலைத்துப் போடுவோம். நமக்குச் சிலாபம், சிங்களத்தில் ஹலாவத்த, ஆங்கிலத்தில் ‘சிலோ’. நமக்கு நீர்கொழும்பு, சிங்களத்தில் மீகமுவ, ஆங்கிலத்தில் ‘நெகம்போ’. மூன்று அட்டையும் சேர்ந்தால்தான் ஊர் வந்து சேரும். ஒரே இடத்துக்கு மூன்று பெயர் இருக்கலாம், மூன்றும் சரி என்று நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைவிட லேசாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தைப் பற்றித் தனி வகுப்பே வைக்க வேண்டும். இந்தக் கரையிலிருந்து எத்தனை தாய்மார் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இப்போதைக்கு நான்கு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘சாலரி’ சம்பளம், பக்கத்தில் எந்த நாட்டுக் காசு என்று பாருங்கள். ‘ரெஸ்ட் டே’ ஓய்வு நாள். ‘டியூட்டீஸ்’ என்ன வேலை. ‘பீரியட்’ எவ்வளவு காலம். ஏஜென்ட் வாயால் சொன்னதும் இந்த நான்கு இடத்தில் எழுதியிருப்பதும் ஒன்றா என்று பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமலும் போக வேண்டாம்.

வயதுபோன எங்களுக்கு இதெல்லாம் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்தி. 1963 இல் பிரேசிலில் அங்கிகோஸ் என்ற ஏழை ஊரில், பாவுலோ பிரெய்ரே என்ற ஆசிரியரின் குழு சுமார் முந்நூறு பேருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்து வாசிக்கப் பழக்கியது. அரிச்சுவடியில் தொடங்காமல், அந்தச் சனங்களின் வேலையிலும் வாழ்க்கையிலும் இருந்த சொற்களில் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த இராணுவ ஆட்சி அவரைச் சிறையில் போட்டது. எழுத்து வாசிக்கப் பழக்கியதற்குச் சிறை என்றால், அந்த வாசிப்பு யாரை உறுத்தியது என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று நமக்குக் கிட்டிய ஊர். 1991 அளவில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைக்கும் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழகினார்கள். நம்மில் பலருடைய முன்னோர் வந்த பக்கம் அது.

நமது நாட்டிலும் ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்த சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத் தொழிலாளியின் பாட்டை ஆங்கிலத்திலேயே எழுதி உலகத்துக்குச் சொன்னார். அவர் அளவுக்கு எழுத நாங்கள் யாரையும் கேட்கவில்லை. ஐந்து வரி போதும்.

வகுப்பு நடத்துவதில் உள்ள கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறோம். காய் பறிக்கும் கிழமைகளில் யாரும் வருவதில்லை, வந்தாலும் கை வலியில் பென்சில் நிற்காது. அந்தக் கிழமைகளில் எழுத்தை விட்டுவிட்டு வாசிப்பை மட்டும் வைக்கிறோம். ஆண்கள் பின்வாங்கிலேயே உட்காருகிறார்கள், தன் பிள்ளை முன்னால் பிழை விட அவர்களுக்கு வெட்கம். அதற்காக அப்பாவையும் பிள்ளையையும் ஒரே பக்கத்தில் வைத்து, அம்மாமாரை எதிர்ப்பக்கமாக்கிப் போட்டி வைத்தோம். இப்போது அப்பாமார் முன்வாங்குக்கு வந்துவிட்டார்கள், தோற்கிறார்கள், ஆனாலும் வருகிறார்கள். சில தோட்டங்களில் வகுப்புக்கு இடம் தரவில்லை. அங்கே கோயில் முன்றலிலும் ஒரு வீட்டு விறாந்தையிலும் நடக்கிறது. மின்குமிழும் ஒரு பலகையும் இருந்தால் போதும்.

அடுத்த போயா தினத்திலிருந்து புதுக் குழு தொடங்குகிறது. சந்தா கட்டாதவர்களின் பிள்ளைகளும் வரலாம். வரும்போது கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டுகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சேமலாப நிதிக் கடதாசி ஏதாவது ஒன்று, இவற்றின் போட்டோப் பிரதியைக் கொண்டுவாருங்கள். அசலை வீட்டிலேயே வையுங்கள். எங்களிடம் கூட அசலைக் கொடுக்க வேண்டாம். கடைசி மூன்று மாதத் துண்டு இல்லாதவர்கள், துண்டு தரப்படாதவர்கள், தங்கள் பெயரை இன்றைக்கே தோட்டத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பட்டியல் வகுப்புக்கு வராது, சங்கக் காரியாலயத்துக்குப் போகும்.